வீடு மாறலாம், முகவரி மாறலாமா?

மாதுங்காவில் வசிக்கும் குமாஸ்தா நண்பர், மின்னஞ்சல்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் படிப்பார். ஒருநாள் கம்ப்யூட்டர் கெட்டது. ஊர்க் கடிதங்களும் பி.எப். கடிதங்களும் அதோடு போயின.

காரணம் 'பாப்' முறை. பிரதி வைக்கச் சொல்லாவிட்டால், கடிதத்தை இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும். 'ஐமேப்' முறையில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஒன்றுபோல் தெரியும். தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளில் இரண்டும் உண்டு. எனவே மின்னஞ்சல் சேவையைத் தேர்ந்தெடுக்குமுன், 'ஐமேப் உண்டா?' என்று கேளுங்கள். ஜிமெயில் 2007 முதலே அதை இலவசமாகத் தருகிறது.

ஆபீசும், இன்டர்நெட் இணைப்பு தரும் கம்பெனியும் கொடுக்கும் முகவரியைச் சொந்தக் காரியத்துக்கு நம்பாதீர்கள். வேலை மாறினால், இணைப்பு மாறினால் அதுவும் போய்விடலாம். பிழைக்க வந்த நமக்கு வாடகை வீடு அடிக்கடி மாறும். மின்னஞ்சல் முகவரியாவது நிலையாக இருக்கட்டும்!