முதலாளி ஆக்கிவிட்டார்களாம்!

"கையிலே ஒரு போன் இருந்தால் போதும், நீங்களும் முதலாளி!" ஊரெங்கும் இதே பிரசாரம். மேடையில் மந்திரி சொல்கிறார். பத்திரிகைகள் படம் போட்டு எழுதுகின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிற கெட்டிக்காரர்களும் இதையே ஓதுகிறார்கள். ஆலைக் கதவு பூட்டிக் கிடக்கிறதே என்று கேட்டால் இதுதான் பதில். அறுவடை இயந்திரம் வந்து வயலில் வேலைநாள் சுருங்கிப்போயிற்றே என்று கேட்டாலும் இதுதான் பதில். வேலை கேட்டவனுக்கு முதலாளிப் பட்டம் கட்டி அனுப்பிவைக்கிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

யார் இந்தப் புது முதலாளிகள்? தேடி எங்கும் போகவேண்டாம். கோவை வட்டாரத்தில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். போராட்டம் ஒருபுறம் நடக்க, வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே! இப்படி வேலை போன வீடுகளிலும், சம்பளம் பற்றாத வீடுகளிலும் பெண்கள் போனைக் கையில் எடுத்தார்கள். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலிருந்து பத்துச் சேலை வரவழைத்து, கொடியில் விரித்துப் படம் பிடித்து, வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்து, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டு விற்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு "ரேட் என்ன?" என்று கேட்கிறவருக்கும் முகம் சுளிக்காமல் பதில் எழுதுகிறார்கள். விடிந்தால் பார்சல் கட்டவேண்டும். கூரியர் ஆபீசுக்கு நடக்கவேண்டும்.

இந்த 'முதலாளி'யின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். ஒரு சேலை 450 ரூபாய்க்கு வாங்கி 600 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலைக்கு 150 ரூபாய் மிச்சம் என்று பார்க்கிறவர் சொல்வார். ஆனால் சேலை பத்துப் பேர் கண்ணில் படவேண்டுமானால் கம்பெனிக்கு விளம்பரப் பணம் கட்டவேண்டும். 'பூஸ்ட்' என்று அதற்குப் பெயர். பத்துச் சேலைக்கு ஆர்டர் பிடிக்க 500 ரூபாய் போகிறது என்போம். கூரியருக்குச் சேலைக்கு 60 ரூபாய், பத்துக்கு 600. "கலர் பிடிக்கவில்லை" என்று ஒன்று திரும்பி வருகிறது. அதற்கு மறுபடி 60. ஒன்பது சேலையில் கிடைத்த 1,350 ரூபாயில் இதையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது 190 ரூபாய். பத்துச் சேலைக்கு 190! சேலையைத் தொட்டுக்கூடப் பார்க்காத கம்பெனிக்கு 500. மடித்த கைக்கும் விழித்த கண்ணுக்கும் கூலி இந்தக் கணக்கில் எந்த வரியிலும் கிடையாது. நாள் நல்லபடியாக அமைந்தால் கூடவும் கிடைக்கலாம். அமையாவிட்டால்? கைப்பணம் போகும்.

"இலவசமாகத்தானே இடம் கொடுத்தான்? பிடிக்காவிட்டால் வெளியேறுவதுதானே!" என்று வாதாடுகிற கனவான்கள் இருக்கிறார்கள். இந்த இலவசத்தின் யோக்கியதை என்ன? கரடு முரடான தரிசை ஒருவனிடம் காட்டி, "வாரம் வேண்டாம், உழுதுகொள்" என்று பண்ணையார் சொன்னாராம். அவன் கல்லைப் பொறுக்கி, வரப்புக் கட்டி, மண்ணைப் பண்படுத்தி, பயிர் பச்சை பிடித்ததும் "இனி வாரம் அள" என்றாராம். பேஸ்புக் கம்பெனி நடந்துகொண்டதும் இப்படித்தான். கடைக்காரர்களே, வாருங்கள், பக்கம் திறவுங்கள், வாடிக்கைக்காரர்களைச் சேருங்கள் என்று கூவி அழைத்தது. எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். 2018 ஜனவரியில் கம்பெனித் தலைவர் ஜுக்கர்பர்க் அறிவித்தார்: இனி நண்பர்கள், குடும்பத்தார் எழுதுவதற்கே முதலிடம்; வியாபாரப் பக்கங்கள் போடுவது குறைவாகத்தான் காட்டப்படும். கேட்பதற்கு எவ்வளவு அழகு! ஆனால் பணம் கட்டிய விளம்பரத்தின் வழியை யாரும் அடைக்கவில்லை. தானே சேர்த்த வாடிக்கைக்காரர்களிடம் பேசுவதற்குத் தானே பணம் கட்டவேண்டும் என்ற நிலைக்கு வியாபாரி வந்து சேர்ந்தான்.

வேறு சந்தைக்குப் போகலாமே என்றால் அந்தச் சந்தையும் அவர்களுடையதுதான். இன்ஸ்டாகிராமை 2012-ல் நூறு கோடி டாலருக்கு விலை பேசி வாங்கினார்கள். 2014-ல் வாட்ஸாப்பையும் வாங்கினார்கள். அறிவித்த விலை 1,900 கோடி டாலர். கடைவீதி, அதற்குப் போகும் பாதை, கூவி விற்கும் தமுக்கு மூன்றும் ஒரே கையில்! மெட்டா என்று இப்போது பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கம்பெனிக்கு 2024-ல் வந்த வருமானம் 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரப் பணம். ஒரு பங்குக்குப் பத்து வாக்கு என்று தனி ரகப் பங்குகளை வைத்துக்கொண்டு ஒரே மனிதர் பாதிக்கு மேற்பட்ட வாக்கை ஆள்கிறார். பங்கு வாங்கிய பணக்காரர்களுக்கே அங்கே வாய் இல்லை. இளம்பிள்ளைச் சேலை விற்கிறவருக்கு இருக்குமா?

மில் தொழிலாளிக்குப் பதிலி என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. காலையில் கேட்டில் வந்து நிற்கவேண்டும். பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. நேற்று ஆயிரம் பேர் பார்த்த படத்தை இன்று நாற்பது பேர்தான் பார்த்தார்கள் என்றால் இந்தப் பெண்ணும் பதிலிதான். பதிலிக்காவது மேஸ்திரியின் முகம் தெரியும்!

வருமானம் குறைவது ஒரு கஷ்டம். அதைவிடக் கொடியது வெளியேற்றம். ஒருநாள் காலை போனைத் திறந்தால் "உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது, விதிகளை மீறிவிட்டீர்கள்" என்று இரண்டு வரி. எந்த விதி? எந்தப் படம்? பதில் இல்லை. கேட்கப் போனால் ஆள் இல்லை. இயந்திரம் கேட்கிறது, இயந்திரமே தீர்ப்பும் சொல்கிறது. மூன்று வருஷம் பாடுபட்டுச் சேர்த்த வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு நொடியில் போனார்கள். 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் ஆறு மணி நேரம் போல் உலகெங்கும் படுத்துவிட்டன. அன்று எல்லோருக்கும் ஒரேயடியாகக் கடை மூடியதால் பத்திரிகைகள் அலறின. தனியொருத்தியின் கடை மூடினால் யார் அலறுவது? டிக்டாக்கை 2020 ஜூன் 29-ல் அரசு தடைசெய்தது. தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். அதை நம்பிப் பிழைத்த சிறு வியாபாரியின் பாடு என்ன என்று கேட்க நாதியில்லை.

தஞ்சைத் தோழர்களுக்கு இது பழைய கதையாகத் தோன்றும். மிராசுதார் நினைத்தால் பண்ணையாளை விரட்டலாம் என்றிருந்த காலத்தில் விவசாயிகள் சங்கம் போராடிற்று. 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாளைத் தினக்கூலி என்று பெயர் மாற்றி நழுவப் பார்த்தார்கள். பெயர் மாற்றினால் பொறுப்பு போய்விடும் என்ற அதே தந்திரம்தான் இன்று 'முதலாளி' என்றும் 'பார்ட்னர்' என்றும் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. முதலாளிக்கு யாராவது நஷ்டஈடு கொடுப்பார்களா? முதலாளிக்குச் சங்கம் எதற்கு?

நம் தோழர்கள் சிலரே இந்தப் பெயரில் ஏமாறுவதுதான் வருத்தம். "அவர்கள் குட்டி பூர்ஷ்வாக்கள், அவர்கள் பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். பத்துப் பெண்களை உட்காரவைத்துப் பார்சல் கட்டச் சொல்லி, நியாயமான கூலி தராமல் ஏய்க்கிற ஆன்லைன் வியாபாரியும் இருக்கிறார், மறுக்கவில்லை. அவர் முதலாளிதான், அவரிடம் கூலி கேட்கிற வேலை நமக்கு உண்டு. ஆனால் மாமியாரையும் மகளையும் வைத்துக்கொண்டு தானே மடித்துத் தானே கட்டுகிறவர் நம் வீட்டுக்காரர். அவரைக் கம்பெனிக்காரன் தயவில் விட்டுவிடுவது எந்த வர்க்க நீதி?

சட்டமே இல்லை என்று சொல்லமுடியாது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இந்தக் கம்பெனிகளுக்குக் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கவேண்டும் என்கின்றன. விதி வந்தபோது புகாரைத் தீர்க்கக் கொடுத்த கெடு 15 நாள். தாமாக ஒரு பதிவை நீக்குமுன் காரணம் காட்டவேண்டும், மறுத்துப் பேச வாய்ப்புத் தரவேண்டும் என்று பெரிய கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் காரணமில்லாமல் கடையை மூடிக் கெடுத்த நாட்களுக்கு ஒரு காசு ஈடு தரச் சொல்லி அதில் ஒரு வரி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆள்வது முதலாளிகள்தான். ஆயினும் அங்கே 2020 ஜூலை 12 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வியாபாரியின் கணக்கை அடியோடு மூடுவதற்கு 30 நாள் முன்பே எழுத்தில் காரணம் தரவேண்டும். அங்கே பணிகிற கம்பெனி இங்கே ஏன் பணியாது? கேட்க ஆள் இல்லாததால்தான்!

மூடுமுன் தமிழில் எழுத்து மூலம் காரணம் கொடு. மனிதர் ஒருவர் விசாரிக்கட்டும். வாடிக்கைக்காரர் ஜாபிதாவை வியாபாரி தன்னோடு எடுத்துச்செல்ல விடு. தப்பாக மூடியிருந்தால் இழந்த நாளுக்குப் பணம் கட்டு. இவற்றை டில்லி சர்க்காரிடம் கேட்கிறோம். நெசவாளருக்காக 1935-ல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ் இருக்கும் மாநிலத்தில், இந்தப் பெண்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடைவீதியை ஏன் போனில் திறக்கக்கூடாது என்று சென்னை சர்க்காரையும் கேட்கிறோம்.

அதுவரை சும்மா இருக்கவேண்டாம். வாடிக்கைக்காரர் பெயரையும் நம்பரையும் இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். காகிதத்தை எந்தக் கம்பெனியாலும் அழிக்கமுடியாது. கணக்கு மூடப்பட்டால் வந்த அறிவிப்பைப் படம் பிடித்துக்கொண்டு முதலில் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் பதிலில் நியாயம் இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் அமைத்த குழு அது. எல்லாம் இணைய வழியில்தான். தனியாக எழுதத் தயங்குகிறவர்கள் சங்க ஆபீசுக்கு வரட்டும். ஆலைத் தொழிலாளியின் சம்பளப் புகாரை எழுதிப் பழகிய தோழர்கள் அங்கே இருக்கிறார்கள், இதையும் எழுதுவார்கள்.