வயிற்றிலே பால் வார்க்கிறார்கள்!

பொறாமைப்பட்டால் வயிற்றெரிச்சல் என்கிறோம். பயம் வந்தால் வயிற்றிலே புளியைக் கரைக்கிறது என்கிறோம். நல்ல சேதி கொண்டுவந்தவனைப் பார்த்து, வயிற்றிலே பால் வார்த்தாயப்பா என்று வாழ்த்துகிறோம். பயமும் நிம்மதியும் குடியிருக்கும் இடம் வயிறுதான் என்று, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகளின் பேச்சு நெடுநாளாகச் சொல்லிவருகிறது. இன்று அதே பேச்சைப் பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்களிலே பெரிய பெரிய டாக்டர்கள் பேசுகிறார்கள். பேசட்டும், வரவேற்கிறோம். ஆனால் அவர்கள் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வியாபாரியும் வருகிறானே, அவனைத்தான் சற்றுக் கவனிக்கச் சொல்கிறோம், தோழர்களே!

"குடலிலே நல்ல கிருமி குறைந்துவிட்டது, அதனால்தான் மனம் சோர்ந்துவிட்டது. இதோ எங்கள் பொட்டலம், உள்ளே கோடிக்கணக்கான நல்ல கிருமிகள், விழுங்கினால் வாட்டம் ஓடிவிடும்!" இதுதான் அவன் கூவல். சரக்கின் பெயர் புரோபயாட்டிக். போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர் என்று, 2001-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு அதற்கு இலக்கணம் வகுத்தது. இலக்கணத்திலே "போதிய அளவு" இருக்கிறது, "நன்மை" இருக்கிறது. எந்த நோய்க்கு எந்தக் கிருமி என்பதை மட்டும் வியாபாரி தன் வாயால் நிரப்பிக்கொள்கிறான்!

மனச்சோர்வு என்றால் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். சம்பளம் பற்றாத ஏக்கமல்ல, சண்டை போட்ட மறுநாள் வருத்தமுமல்ல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூக்கம் பிடிக்காது, பசி எடுக்காது, பிடித்த பாட்டு காதில் ஏறாது, பெற்ற பிள்ளையின் சிரிப்பும் இனிக்காது. "நான் இருந்தென்ன, போயென்ன" என்ற நினைப்பு நிழலாகத் தொடரும். உலகத்திலே 25 கோடிக்கும் அதிகமான மக்களை வாட்டுகிற நோய் இது. தறிக்கூடத்திலும் உண்டு, தலைமைச் செயலகத்திலும் உண்டு. தொழிலாளிதான் இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். "ஆம்பளைக்கு என்னடா அழுகை" என்று ஊர் கேட்குமே! அந்த வெட்கத்தின் மீதுதான் இந்த வியாபாரத்தின் அஸ்திவாரம் போடப்பட்டிருக்கிறது. மனநோய் டாக்டரிடம் போகவேண்டாம், மனைவிக்குக்கூடத் தெரியவேண்டாம், வயிற்றுக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

இந்தக் கதை நேற்றுப் பிறந்ததும் அல்ல. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்திலே எலி மெச்னிகாஃப் என்றொரு பேரறிஞர் இருந்தார். உடலுக்குள் புகும் கிருமிகளை நம் இரத்தத்து வெள்ளணுக்கள் விழுங்கிக் காக்கின்றன என்று காட்டி, 1908-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1873-ல் முதல் மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர். துயரம் என்றால் என்னவென்று ஏட்டிலே படித்தவரல்ல! அவர், பெருங்குடலிலே அழுகலை உண்டாக்கும் கிருமிகள் நஞ்சைக் கக்குவதால்தான் முதுமை விரைந்து வருகிறது என்றும், பல்கேரிய நாட்டு உழவர்கள் நெடுநாள் வாழ்வது புளித்த பாலால் என்றும் 1907-ல் எழுதினார். எழுதியவர் யார்? நோபல் பரிசுக்காரர். கேட்கவேண்டுமா? ஐரோப்பாவிலே புளித்த பால் மோகம் தலைக்கேறியது.

1910-ல் லண்டன் பெத்லம் மனநோய் மருத்துவமனையிலே டாக்டர் போர்ட்டர் ஃபிலிப்ஸ், சோக நோயாளிகள் 18 பேருக்கு உயிருள்ள லாக்டிக் கிருமி கலந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார். 11 பேர் குணமடைந்தார்கள், 2 பேர் தேறினார்கள் என்று மருத்துவ ஏட்டிலே எழுதினார். கேட்டவர்கள் கை தட்டியிருப்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கிருமியைச் சாப்பிடாத இன்னும் 18 பேரைப் பக்கத்திலே வைத்து ஒப்பிட்டீர்களா? ஒப்பிடவில்லை! மனச்சோர்வு பலருக்கு நாளடைவில் தானாகவும் தணியும். தணிந்த பெருமை மோருக்கா, காலத்துக்கா என்று எப்படித் தெரியும்?

லண்டனிலே அது மோரோடு நின்றது. அமெரிக்காவிலோ கத்தியை எடுத்தார்கள். நியூஜெர்சி மாநிலம் டிரென்டன் நகர மனநோய் மருத்துவமனைக்கு 1907 முதல் 1930 வரை தலைவராக இருந்தவர் டாக்டர் ஹென்றி காட்டன். பைத்தியத்துக்குக் காரணம் உடம்பிலே எங்கோ ஒளிந்திருக்கும் கிருமி என்பது அவர் சித்தாந்தம். முதலில் பல்லைப் பிடுங்கினார். குணமாகவில்லையா? தொண்டைச் சதையை அறுத்தார். அதற்கும் அடங்கவில்லையா? பெருங்குடலையே வெட்டி எறிந்தார். வேண்டாம் என்று எதிர்த்தவர்களையும் விடவில்லை. 100-க்கு 85 பேர் குணமடைகிறார்கள் என்று மேடை ஏறி முழங்கினார். குடல் அறுவையில் 100-க்கு 30 பேர் வரை செத்தார்கள் என்பது அவரே ஒப்புக்கொண்ட கணக்கு. 1920-களிலே ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் டாக்டர் நேரில் சென்று ஏடுகளைப் புரட்டி, குணக் கணக்கெல்லாம் பொய்க்கணக்கு என்று அறிக்கை எழுதினார். அவருடைய மேலதிகாரி, அந்நாளில் அமெரிக்க மனநோய்த் துறையின் பெருந்தலை, அந்த அறிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். காட்டனுக்குப் பண ஆசை பிடித்தது என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அப்படியல்ல. தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையே முன்னெச்சரிக்கையாகப் பிடுங்கச் செய்தவர் அவர். முழுமனதாக நம்பினார். நம்பியவர் கையிலே கத்தி, தட்டிக்கேட்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை, சாகிறவனோ வாயற்றவன்!

அப்படியானால் குடலுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நிச்சயமாக உண்டு. மூளையின் அடித்தண்டிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் என்ற நரம்பிலே, பெரும்பாலான இழைகள் கீழேயிருந்து மேலேதான் சேதி கொண்டுபோகின்றன. தலைமை அலுவலகம் கிளைக்கு உத்தரவு போடுவதைவிட, கிளையிலிருந்து போகிற தந்திகளே அதிகம்! ஜப்பானிலே கியூஷு பல்கலைக்கழகத்தார் 2004-ல், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகள் நெருக்கடியில் அளவுக்குமீறிக் கலங்குவதைக் கண்டார்கள். அயர்லாந்திலே கார்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-ல், ஒரு லாக்டோபாசிலஸ் கிருமியை உண்ட எலிகள் பதற்றம் தணிந்திருப்பதையும், வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் அந்தப் பலன் மறைந்துபோவதையும் காட்டினார்கள். அருமையான ஆராய்ச்சி!

வியாபாரி இதோடு பத்திரிகையை மடித்துவிடுகிறான். அடுத்த பக்கத்தை நாம் புரட்டுவோம். அதே கார்க் நகரத்தார், அதே கிருமியை, 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. போலி மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை! மறைக்காமல் அவர்களே அச்சிட்டார்கள். அந்த நேர்மைக்கு நம் வணக்கம். எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை.

வியாபாரியின் இன்னொரு வித்தையையும் கேளுங்கள். "மகிழ்ச்சி தரும் செரட்டோனினில் 100-க்கு 90 பங்கு குடலிலேதான் உற்பத்தியாகிறது" என்பான். உண்மைதான். ஆனால் அந்தச் செரட்டோனின் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போவதில்லை. குடல் வேலைக்குக் குடல் வைத்துக்கொள்கிறது. பாதி உண்மையை விற்பவனிடம் மீதியைக் கேட்டு வாங்கவேண்டியது நம் பொறுப்பு.

2019-ல் பெல்ஜியம் நாட்டிலே 1,054 பேரின் குடல் கிருமிகளை ஆராய்ந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இரண்டு வகைக் கிருமிகள் குறைந்திருந்தன. ஆனால் கிருமி குறைந்ததால் சோர்வா, சோர்வால் சாப்பாடு குறைந்து, அதனால் கிருமி குறைந்ததா? வறுமையால் கடனா, கடனால் வறுமையா என்று வட்டிக்கடை வாசலில் நிற்பவனைக் கேட்பது போன்ற கேள்வி இது. இரண்டும் இருக்கலாம்.

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது, ஒரு சாராருக்குக் கிருமிப் பொட்டலம், மறு சாராருக்கு அதேபோலத் தோற்றமுள்ள வெறும் பொட்டலம், கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நியூசிலாந்திலே 79 பேரிடம் இப்படிச் செய்தார்கள். வேறு மனநோய் மருந்து எதுவும் சாப்பிடாதவர்கள் அவர்கள். 2017-ல் சொன்ன முடிவு: இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியார் 2023-ல் வெளியிட்ட சோதனையிலே 49 பேர். மாத்திரை சாப்பிட்டும் முழுதாகத் தேறாதவர்கள். மாத்திரையை நிறுத்தாமல், அதனோடு 14 வகைக் கிருமிகளை 8 வாரம் கொடுத்தார்கள். கிருமி உண்டவர்கள் சற்றுக் கூடுதலாகத் தேறினார்கள். நல்ல சேதிதான். ஆனால் 49 பேர் ஒரு பேருந்திலே அடங்கிவிடுவார்கள், தோழர்களே! ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துவிட்டு வாருங்கள், மாலை போடுகிறோம்.

ஆஸ்திரேலியாவிலே 2017-ல் முடிந்த சோதனை இன்னொன்று. பொட்டலம் கிடையாது. காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன் என்று சாப்பாட்டையே மாற்றினார்கள். 67 பேரில், உணவு மாறியவர்களில் 100-க்கு 32 பேரும், வெறும் ஆறுதல் பேச்சு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 8 பேரும் நோய் நீங்கினார்கள். எவருக்கு எது கிடைக்கிறதென்று அவரவருக்குத் தெரியும் என்பதால், இதையும் தராசிலே கொஞ்சம் குறைத்தே நிறுக்கவேண்டும். நிறுத்தபின் ஒரு கேள்வி. இரவுப் பணி முடித்துத் திரும்புகிறவன் கூலியிலே மீன் எத்தனை நாள், காய் எத்தனை நாள்? அதற்கு எந்தப் பொட்டலத்திலும் பதில் இல்லை.

"பழைய சோறும் மோரும் இருக்க நமக்கென்ன பொட்டலம்" என்று மார்தட்டுகிற தோழர்களும் உண்டு. மோர் நல்லது, குடியுங்கள். வெயிலுக்கு இதம், விலையும் மலிவு. ஆனால் எந்தச் சட்டியிலே எந்தக் கிருமி எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் யார்? இட்லியைப் புகழ்கிறவர்களும், மாவு புளித்தபோது இருந்த கிருமி ஆவியிலே வெந்தபின் உயிரோடு மிஞ்சாது என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் வீட்டுச் சரக்கு என்பதால் நிறுவாமலே ஏற்றுக்கொள்வதா?

நல்ல கிருமிதானே, கெடுதல் என்ன வந்துவிடும் என்பதும் வெறும் பேச்சு. ஹாலந்திலே கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2008-ல் கணக்கு வெளியிட்டார்கள். கிருமி பெற்ற 152 பேரில் 24 பேர் மாண்டார்கள், போலிப் பொட்டலம் பெற்ற 144 பேரில் 9 பேர். திடமானவனுக்குப் பெரும்பாலும் தொல்லையில்லை, கடும் நோயாளிக்கு அப்படிச் சொல்லமுடியாது. அமெரிக்காவிலே ஒரு பெரிய தயிர்க் கம்பெனி, மலச்சிக்கல் தீரும், சளி அண்டாது என்றெல்லாம் விளம்பரம் செய்துவிட்டு, 2010-ல் 39 மாநிலங்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கட்டியது. வயிற்றுக்கே வாக்குக் காப்பாற்ற முடியாதவர்கள் மனத்துக்கு வாக்குக் கொடுக்க வருகிறார்கள்!

நாம் கேட்பது இவ்வளவுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை, பொட்டலக்காரன் பேச்சைக் கேட்டு எந்தத் தோழரும் தாமாக நிறுத்தக்கூடாது. பொட்டலம் வாங்க ஆசையிருந்தால் அந்த டாக்டரிடமே கேட்கட்டும். பக்கத்துத் தறிக்காரர் பத்து நாளாகப் பேசாமல் இருக்கிறாரா, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுபோகிறாரா, "இனி எனக்கென்ன" என்கிறாரா? கேலி பேசாமல் அருகில் உட்கார்ந்து கேளுங்கள், மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். 14416 என்பது மத்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி எண். கட்டணம் கிடையாது, இரவும் பகலும் தமிழிலே பேசலாம். சங்கக் கொட்டகைக் கரும்பலகையிலே, கூட்ட அறிவிப்புக்கு மேலே, பெரிய எழுத்தில் அதை எழுதி வையுங்கள்.