அந்த 25,000 ரூபாயை நிர்ணயித்தது யார்?

ஹாக்கி இந்தியா தலைவர் திரு. திலீப் திர்க்கி அவர்களுக்கு,



பெரம்பலூர் மாவட்டம் ரஞ்சன்குடியிலிருந்து, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததே, அப்போது ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்கு நெடுஞ்சாலை வழியே போனவர்கள் எங்கள் கோட்டையைக் கடந்துதான் போயிருப்பார்கள். ஆர்க்காடு நவாபு காலத்துக் கோட்டை. 1751-இல் இந்தப் பக்கத்தில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். இப்போது அதற்குத் தொல்லியல் துறையின் பலகைதான் காவல்.

திறந்த மடல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. மனு எழுதித்தான் பழக்கம். ஆடப் போகிற பிள்ளைகளுக்கு எழுத்தில் ஒப்பந்தம், ஆடி முடித்ததும் பணம், தகராறு என்றால் போய்ச் சொல்ல ஓர் இடம், இவ்வளவுதான் கேட்டோம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்திக் காத்திருந்தோம். அந்த மனுக்கள் எந்தெந்த அலுவலகங்களுக்குப் போயின என்று இங்கே எழுதி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. அட்டைகள் மட்டும் நன்றாக இருக்கின்றன.

பெரம்பலூர்க்காரனுக்கு ஹாக்கியில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். பக்கத்து மாவட்டம் அரியலூர். பிரிப்பதும் சேர்ப்பதும் மறுபடி பிரிப்பதுமாக அரசாங்கம் எங்களை வைத்து விளையாடியதே ஒழிய, எங்களுக்கு இரண்டும் ஒரே மண்தான். அந்த அரியலூரிலிருந்து போன செல்வம் கார்த்தி, 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் போட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தூக்கிய அணியிலும் அவர் இருந்தார். அதற்கப்புறம்தான் இங்கே மட்டை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும் பையன்கள் கூடினார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாக்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஹாக்கிக்கு விட்டா சோறு போடுமா சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் ஒவ்வொரு முறையும் 2010 ஜனவரியில் போய் முட்டிக்கொள்கிறேன். விதிகளைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வரை தங்கள் மேசையில் இருக்கும். ஆகவே விதியை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

டெல்லியில் உலகக் கோப்பை தொடங்க ஏறக்குறைய ஏழு வாரமே இருந்தது. அணி புனே பாலேவாடியில் முகாமில் இருந்தது. ராஜ்பால் சிங் தலைவர், ஸ்பெயின்காரர் ஹோசே பிராசா பயிற்சியாளர். 2009-இல் அஸ்லான் ஷா கோப்பையை வென்று வந்த அணி அது. ஆண்டு முடியும்போது அர்ஜென்டினாவின் சால்டாவில் சாம்பியன்ஸ் சேலஞ்சில் மூன்றாமிடமும் பிடித்திருந்தது. வர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை. சட்டையின் மார்பில் சகாரா என்று எழுதியிருக்கிறது. அந்த விளம்பரப் பணத்தில் எங்களுக்கு எவ்வளவு என்று வீரர்கள் கேட்டார்கள். ஆளுக்கு நாலரை லட்சம் கேட்கிறார்கள் என்றும், ஹாக்கி இந்தியா ஆளுக்கு 25,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது என்றும் அன்றைய நாளேடுகள் எழுதின.

25,000. ஒரு ஆண்டு முழுக்க நாடு நாடாக ஆடிவிட்டு வந்தவனுக்கு. எந்தக் கணக்கில் வந்தது இந்தத் தொகை? கோலுக்கு இவ்வளவு என்றா, ஆட்டத்துக்கு இவ்வளவு என்றா, கிழிந்த தசைக்கு இவ்வளவு என்றா? எங்கள் ஊரில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு இது புரியும். சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும்போது மண்டிக்காரர் விலை சொல்ல மாட்டார். விற்று முடித்த பிறகுதான் சொல்வார். வெங்காயமாவது அழுகும் பொருள், விவசாயிக்கு வேறு வழியில்லை.

வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்தார்கள். உடனே நாட்டுப்பற்று என்ற பேச்சு எழுந்தது. பொதுவாக, பணம் கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் அது முதலில் நினைவுக்கு வருகிறது. ஏ.கே. மட்டூ தலைமையில் இருந்த அன்றைய ஹாக்கி இந்தியா கெடு வைத்தது: திரும்பாவிட்டால் நடவடிக்கை. உலகக் கோப்பையை நடத்துகிற நாடு தன் அணியையே கலைத்துவிடுவேன் என்று மிரட்டிய வேடிக்கையை உலகம் பார்த்தது. ஜனவரி 13, எங்களுக்குப் போகிப் பண்டிகை, அன்றைக்குத்தான் சமரசம். வீரர்களுக்கு மொத்தமாக ஒரு கோடி ரூபாய் தர ஒத்துக்கொண்டார்கள். சில நாள் முன்புவரை ஆளுக்கு 25,000-க்கு மேல் நகராத கை எப்படி ஒரு கோடிக்கு நீண்டது? ஆடுகளத்தில் ஆள் இறங்கவில்லை, அதனால் நீண்டது. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 28 அன்று அதே பையன்கள் பாகிஸ்தானை 4-1 என்று அடித்தார்கள். அப்போது யாரும் அவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்லவில்லை. கடைசியில் எட்டாமிடத்தில் முடிந்தது வேறு கதை.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட நான் எழுதியிருக்க மாட்டேன். அதே ஜனவரியில் போபாலில் பெண்கள் அணியின் முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆண்களுக்குப் பேசி முடித்தவர்களுக்கு இந்தப் பெண்கள் நினைவில் இல்லை. அவர்கள் வேலைநிறுத்தம்கூடச் செய்யவில்லை. ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, பொதுமக்களே, முடிந்ததைப் போடுங்கள் என்று கேட்டார்கள். இந்தியா என்று முதுகில் எழுதிய சட்டை போட்டவர்கள், ஐயா. கோயில் திருப்பணிக்கு உண்டியல் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், ஊர்க்குளம் தூர்வார வசூல் செய்ததையும் பார்த்திருக்கிறேன். தேசிய அணி தன் சாப்பாட்டுக் காசுக்குக் கணக்கு எண் கொடுத்ததை அந்த ஒருமுறைதான் பார்த்தேன். அதற்காக ஹாக்கி இந்தியாவில் யார் நாற்காலி ஆடியது?

இதெல்லாம் பழைய கதை, அப்போது நான் தலைவர் இல்லை என்பீர்கள். சரி. நீங்கள் இருந்த கதையையே பேசுவோம்.

1998 டிசம்பர், பாங்காக். 32 ஆண்டுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம். அந்த அணியில் நீங்கள் தற்காப்பு வீரர். தலைவர் தன்ராஜ் பிள்ளை, புனே கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. பதக்கத்தோடு வந்து இறங்கிய கொஞ்ச நாளில் தன்ராஜும் கோல்காப்பாளர் ஆசிஷ் பல்லாலும் இன்னும் சில மூத்தவர்களும் அணியில் இல்லை. பயிற்சியாளர் கௌசிக்கும் இல்லை. மூத்தவர்களுக்கு "ஓய்வு" கொடுத்திருக்கிறோம் என்றது அன்றைய சம்மேளனம். பண விஷயத்தில் வாய் திறந்ததற்கான தண்டனை அது என்றுதான் ஹாக்கி உலகம் பேசியது. தங்கம் வென்ற கையோடு பக்கத்து நாற்காலிகள் காலியானதை நீங்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் பார்த்தீர்கள். 21 வயதில் பார்த்தது மறந்திருக்காது.

அதனால்தான் 2022 செப்டம்பரில் நீங்கள் போட்டியின்றித் தலைவரானபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். மூன்று ஒலிம்பிக் ஆடியவர், சுந்தர்கட் கிராமத்திலிருந்து வந்தவர், அரசியல்வாதியும் அதிகாரியும் உட்கார்ந்த இடத்தில் முதல்முறையாக ஒரு வீரர். இனி ஆடுகிறவன் பேச்சு ஏறும் என்று நினைத்தோம். நினைப்பதற்குச் செலவில்லையே.

லீக் வந்தது, போனது, வந்தது. 2012-இல் நிம்பஸ் நிறுவனமும் பழைய சம்மேளனமும் சேர்ந்து நடத்திய வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் எட்டு அணிகள். எங்களுக்குச் சென்னை சீட்டாஸ். அதில் ஆடினால் நாட்டுக்கு ஆட முடியாது என்ற மிரட்டல் ஒருபக்கம், ஆடி முடித்த பிறகு பாக்கி வரவில்லை என்ற புகார் இன்னொரு பக்கம். பழைய சம்மேளனமும் ஹாக்கி இந்தியாவும் யார் பெரியவர் என்று அடித்துக்கொண்டதில் அடி வாங்கியவர்கள் வீரர்கள். இரண்டாவது பருவம் நடக்கவே இல்லை. 2013-இல் ஹாக்கி இந்தியாவின் சொந்த லீக் தொடங்கியது, 2017-க்குப் பிறகு நின்றது. திரும்ப வந்தது 2024 டிசம்பர் 28 அன்று ரூர்கேலாவில். நடுவில் ஏழு ஆண்டு. ஒரு முன்கள வீரனின் கால்கள் மொத்தமாகவே பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்த ஏழு ஆண்டுச் சம்பளம் போனபோது, நிறுத்தலாமா என்று எந்த வீரனிடமாவது கேட்டார்களா?

2024 அக்டோபர் ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். நல்லது, இன்னும் போகட்டும். பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. அதே ஏலத்தின் கடைசிப் படி 2 லட்சம். அந்தப் படியில் நிற்கிற பையன் படம் எங்கும் வராது. அணி முதலாளி பணத்தை இழுத்தடித்தால் அவன் யாரிடம் போவான்? சம்பளம் தர வேண்டியவரும், புகார் கேட்க வேண்டியவரும், அடுத்த தேசிய முகாமுக்கு ஆள் எடுக்கிறவரும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மாலை வாங்குகிறார்கள். அவர்களில் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசிக்கும்போதே அவனுக்கு வயதாகிவிடும். பெண்கள் அணிகளுக்கு ஏலத்தில் செலவழிக்க ஒதுக்கியது ஆண்கள் அணியின் 4 கோடியில் பாதி. அதைப் பற்றி நான் இன்றைக்குப் பேசவில்லை, கோபம் திசைமாறிவிடும்.

வீரர்களுக்கென்று சங்கம் வந்தால் ஆட்டமே நின்றுவிடும் என்று உங்கள் காதில் யாராவது போடுவார்கள். நிற்கும்தான். வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி லீக் முதலாளிகள் 2004 செப்டம்பரில் கதவைப் பூட்டினார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள், வீரர் சங்கம் முடியாது என்றது. 2005 பிப்ரவரி 16 அன்று ஆணையர் கேரி பெட்மன் பருவம் முழுவதையும் ரத்து செய்தார். ஸ்டான்லி கோப்பையை அந்த ஆண்டு யாரும் தூக்கவில்லை. கடைசியில் வீரர்கள்தான் இறங்கி வந்தார்கள், உச்சவரம்பையும் ஏற்று, கையில் இருந்த ஒப்பந்தங்களில் 24 சதவீதக் குறைப்பையும் ஏற்று. பெரிய தோல்வி. அந்தத் தோல்வியையும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசி, தாங்களே ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். முகாமில் கெடு நோட்டீசைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அங்கேயும் அந்த உரிமை சும்மா வரவில்லை. 1957-இல் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே சங்கம் அமைக்க முயன்றதும், அணியின் பெரிய நட்சத்திரம் என்றுகூடப் பார்க்காமல் அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் தன்ராஜுக்கு "ஓய்வு", அவருக்கு ரயில் டிக்கெட். ஆனால் வீரர்களே ஓட்டுப் போட்டுச் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள். எந்த ஆண்டு தெரியுமா? 2010. போபாலில் நம் பெண்கள் வங்கிக் கணக்கு தொடங்கிய அதே ஆண்டு.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். பட்டியல் எல்லாம் மனுவில் போட்டாயிற்று. வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். அடுத்த ஏலத்துக்கு முன் சம்பளத்தைப் பற்றி, நாள் தவறினால் என்ன என்பதைப் பற்றி, லீக்கை நிறுத்துவதைப் பற்றி உங்கள் ஆட்களும் முதலாளிகளும் கூடிப் பேசுவீர்கள் அல்லவா, அந்த அறையில் வீரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒருவர் உட்காரட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்தவர் வேண்டாம். முதலாளிக்கு வேண்டியவரும் வேண்டாம். ஏலத்தில் 2 லட்சத்துக்குப் போனவன் ஓட்டும் 78 லட்சத்துக்குப் போனவர் ஓட்டும் ஒரே எடை என்று வைத்து அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

அறையில் இடமில்லை, நாற்காலி பற்றாது என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் பள்ளியில் மரநாற்காலிகள் உபரியாகக் கிடக்கின்றன; தலைமையாசிரியரிடம் சொல்லி நல்லதாக ஒன்று ரயில் பார்சலில் அனுப்பி வைக்கிறேன். வாடகை வேண்டாம். நாட்டுக்காகத்தானே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன்,
ரஞ்சன்குடி