கறுப்பைக் கறுப்பாகக் காட்டுங்கள்

சென்ற பருவத் தேர்வின் முதல் நாள். கண்காணிப்பாளர் என் நுழைவுச் சீட்டை எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, இது நீதானா?" என்றார். தேர்வறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால், அதன்பின் கால்மணி நேரம் பேனா ஓடவில்லை.

படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் நல்லவர். "கொஞ்சம் கலர் ஏத்தியிருக்கேன் தம்பி" என்று அன்போடுதான் சொன்னார். அதற்குத் தனியாகக் காசுகூடக் கேட்கவில்லை. அந்த அன்புதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம் வகுப்புக் குழுப்படத்தைப் பாருங்கள். அங்கே கதை வேறு. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டைகள், உச்சி வெயில். பின்வரிசையில் நிற்கும் எங்களுக்குப் பற்கள் மட்டுமே மிச்சம்! நமக்கு வாய்ப்பது ஒன்று சுண்ணாம்பு, இல்லையேல் கரி.

காரணம் நம் தோலில் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுகிறது. அதாவது, விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருளாக. வெள்ளைச் சுவர் நிறைந்திருந்தால் ஒளியைக் குறைத்துவிடும். முகம் இருண்டு போகும். கறுத்த முகமே படத்தை நிறைத்தாலோ நேர்மாறாக ஒளியைக் கூட்டிவிடும்; முகம் சாம்பல் பூத்துப் போகும். இயந்திரத்துக்கு என்ன தெரியும்? பார்த்துத் திருத்த வேண்டியவர் படம் எடுப்பவர்தானே!

இயந்திரத்தின் பின்னால் இருந்தவர்களும் திருத்தவில்லை என்பது பழைய வரலாறு. வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடக் நிறுவனம் ஒப்பீட்டுக்காக அனுப்பிய அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! அடர்ந்த பழுப்பு நிறங்களின் வேறுபாடு படச்சுருளில் தெரியவில்லை என்று சாக்லேட் செய்வோரும் மரச்சாமான் செய்வோரும் முறையிட்ட பிறகே அதைச் சீர்செய்யும் முயற்சி வேகம் பெற்றதாக, கோடக்கில் பணியாற்றியவர்களே பின்னாளில் கூறினர். மனிதர் முகத்துக்குக் கிடைக்காத நியாயம் நாற்காலிக்குக் கிடைத்தது! எல்லா நிறத் தோலும் சரியாக விழவேண்டும் என்று கூகுள் தன் பிக்சல் கைப்பேசியில் 'ரியல் டோன்' என்பதைக் கொண்டுவந்தது 2021-இல்தான்.

பொங்கலன்று எங்கள் அப்பாயியைப் படம் எடுத்தேன். சாதாரணக் கைப்பேசிதான். திண்ணையில், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைத்தேன். கறுத்த தோலுக்கு உருவம் தருவது பளபளப்பு. நேரே ஃபிளாஷ் அடித்தால் நெற்றியில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். நிழல் விழுந்த கன்னத்தின் பக்கம் தம்பி ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தான். திரையில் அவள் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே கீழிறக்கினேன். அழகூட்டும் வசதியை முதலிலேயே அணைத்திருந்தேன். மூக்குத்தியும் தெரிந்தது, முகச் சுருக்கமும் தெரிந்தது, நிறமும் அவள் நிறமே. அப்பாயி வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா மாதிரியே இருக்கேன்டா" என்றாள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டுக் குழுப்படத்தை அந்த வெள்ளைச் சுவர் முன் எடுக்க வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் வேப்பமர நிழல் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் எடுக்கலாம். படம் எடுப்பவர் ஒளியை எங்கள் பின்வரிசை முகங்களில் ஒருமுறை அளந்து பார்க்கட்டும். அதன்பின் கணிப்பொறியில் எதையும் 'ஏற்ற' வேண்டாம்.