மீன் தொட்டிக்கும் உறைமோர்!

எங்கள் புதூர்நாட்டில் காற்று மழை என்றால் முதலில் போவது கரண்ட்தான். அன்று போனது ராத்திரி பூரா வரவில்லை. காலையில் வந்ததும், மீன் தொட்டி ஃபில்டரின் சுவிட்சைச் சந்தோஷமாகத் தட்டினேன். சாயங்காலத்துக்குள் நாலு மீன் மிதந்தது. சின்னவள் அழுத அழுகை! தப்பு என்னுடையதுதான்.

வண்ணமீனுக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலிருந்து பெரியவன் வாங்கி வந்த கேனிஸ்டர் ஃபில்டர் அது. மூடி போட்ட வாளி மாதிரி இருக்கும். தொட்டிக்குக் கீழே வைக்கணும். தண்ணீர் குழாய் வழியே தானாக இறங்கும். மோட்டார் மேலே ஏற்றும். அழுக்குத் தண்ணீர் முதலில் படும் தட்டில் முரட்டு ஸ்பாஞ்சு, அடுத்தது பீங்கான் வளையங்கள், கடைசியில் மெல்லிய பஞ்சு. வாளி நிரம்பிய பிறகே சுவிட்ச். காலியாக ஓடினால் மோட்டார் போச்சு!

வளையங்களில் நல்ல பாக்டீரியா குடியேறும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தை அதுதான் முறிக்கும். நன்றாகப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீனும் தீனியும் குறைவாகவே இருக்கட்டும்.

கரண்ட் பல மணி நேரம் நின்றால், மூடிய வாளிக்குள் பிராணவாயு தீர்ந்து தண்ணீர் கெட்டுவிடும். அதைத்தான் நான் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன்! ஆகவே சகோதரிகளே, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள். வளையங்களைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசி மாட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

உறைமோரைக் கொதிக்கிற பாலில் யாராவது விடுவோமா?