வண்டியில ஒண்ணுமில்ல தம்பி!

அருப்புக்கோட்டை - திருச்சுழி ரோட்டுல பிரேக் பெடல் திடீர்னு தொப்புனு இறங்குது. மறுபடி மிதிச்சா பிடிக்குது. ஒர்க்‌ஷாப்புல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு மெக்கானிக் சொல்ற தீர்ப்புதான் தலைப்பு. கூடவே இலவச இணைப்பு: "நீங்க மிதிச்சது சரியில்ல."

ஏங்க, கண்டுபிடிக்க முடியலைங்கறதும் கோளாறே இல்லைங்கறதும் ஒண்ணா? இருப்பாய்வு டேலி ஆகலைன்னா காமர்ஸ்காரன் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல வச்சிட்டுத் தேடுவான். பிழையே இல்லைன்னு சாதிக்க மாட்டான்.

நம்மூரு வானம் பார்த்த பூமிதான். ஆனா இங்கயும் பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினா 140லயே கொதிக்கலாம். கொதிச்சா ஆவிக்குமிழி வந்து பெடல் இறங்கும், ஆறினா சரியாயிடும். ஒர்க்‌ஷாப் போறப்ப ஆறித்தானே இருக்கும்! மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் கப் தேஞ்சாலும் இப்படித்தான், வெளியே சொட்டுகூட ஒழுகாது. இன்ஜின் ஓடறப்ப பெடலை ஒரே அழுத்தமா பிடிச்சுப் பாருங்க. மெல்ல இறங்கினா அங்கதான் சந்தேகம்.

2010ல பிரியஸ் காருக்கும் முதல்ல "ஓட்டறவர் உணர்வு"ன்னுதான் டொயோட்டா சொன்னது. சில நாள்லயே உலகம் முழுக்க சுமார் 4.37 லட்சம் ஹைப்ரிட் வண்டிகளைத் திரும்ப அழைச்சு ஏபிஎஸ் மென்பொருளை மாத்தினாங்க.

நம்ம நாட்டுலயும் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள் புகார் கொடுத்தா திரும்பப் பெறச் சொல்லி அரசு உத்தரவிடலாம். வாயால சொன்ன புகார் எந்தச் சதவீதத்துல சேரும்? ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. "ஒண்ணுமில்ல"ங்கறதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க, வண்டிக்கு அடியில குனிவாங்க.