இறுக்கமான ஸ்பிரிங்கும் வெறும் கெப்பும்

கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு ஸ்பிரிங்கோட என்ன வேலை எண்டு கேட்பீங்கள். கேளுங்கோ. போன வருசம் வரைக்கும் நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்பம். எங்களில ஒருத்தன்ர அப்பாவின்ர பழைய ஹைலக்ஸ் டபிள் கெப் எங்கட கைக்கு வந்தபிறகுதான் கதை மாறினது.

முதல்ல முன்னுக்கு இரும்புப் பம்பர். பிறகு வின்ச். பிறகு கூரையில ராக், நாலு பெரிய ரயர். கடைசியா, "இவ்வளவு பாரத்துக்குப் பழைய ஸ்பிரிங் தாங்காது தம்பி" எண்டு ஒரு கராஜில சொன்னதைக் கேட்டு, இருக்கிறதிலேயே இறுக்கமான செட் ஒண்டை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டம். வாகனம் இரண்டு அங்குலம் எழும்பி நிண்டது. படம் எடுத்துப் போட்டம். லைக்குக்குக் குறைவில்லை.

மூண்டாம் கிழமை, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிறவல் ரோட்டில, பின்பெட்டி வெறுமையாக இருக்க, ஒரு வளைவில வாகனத்தின்ர பின்பக்கம் துள்ளித் துள்ளி வெளிய போனது. வேகம் நாற்பதுதான். கரையில நிண்ட வடலி ஒண்டில உரசி நிண்டம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. ஆனால் அந்த நேரம் எதிர்ப்பக்கத்தால ஒரு சைக்கிள் வந்திருந்தால் எண்ட யோசனை எங்களை இன்னும் விடேல்லை.

எங்கட வாதம் இதுதான்: இறுக்கமான ஸ்பிரிங் பலமான ஸ்பிரிங் அல்ல. அது வேறொரு பாரத்துக்குச் செய்த ஸ்பிரிங், அவ்வளவுதான்.

ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமத்த எத்தனை நியூட்டன் விசை வேணும் என்பதுதான் அதன் விறைப்பு. ரொபேட் ஹூக் இந்த விதியை 1676இல் எழுத்துகளைக் குழப்பிப் போட்டு ஒரு புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். (கண்டுபிடிப்பை ஆரும் களவெடுக்காமல் இருக்க அந்தக் காலத்து வழி. எங்கட ஆய்வுக்கட்டுரைகளுக்கும் இதை யோசிக்கலாம்.) பாரம் இரண்டு மடங்கானால் அமிழ்வதும் இரண்டு மடங்கு. உயர்தரத்தில பௌதிகம் எடுக்காத எங்களுக்கே விளங்கின விதி இது.

விதி விளங்கினாலும் பாரம் தெரியாமல் கணக்கு வராது. ஸ்பிரிங் வாங்க முதல் செய்யவேண்டியதை நாங்கள் பிறகுதான் செய்தம்: நெல் ஆலை ஒண்டில லொறி நிறுக்கிற தராசில முன் அச்சை மட்டும் ஏத்தி ஒருக்கா, பின் அச்சை மட்டும் ஏத்தி ஒருக்கா நிறுத்தம். வெறுமையாகப் பின் அச்சில் 900 கிலோ. ஐந்து பேர், தண்ணீர், கூடாரம், சாமான் எல்லாத்தோடும் 1,370 கிலோ. இதில் அச்சும் சில்லுகளும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. ஸ்பிரிங் அவற்றைத் தாங்குவதில்லை. அதற்கு 200 கிலோ கழித்தால், பக்கத்துக்கு வெறுமையில் 350 கிலோ, நிறைபாரத்தில் 585 கிலோ.

நாங்கள் போட்ட தகட்டு ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 60 நியூட்டன். வெறும் கெப் அதை அமத்துவது 57 மில்லிமீற்றர் மட்டுந்தான். இந்த எண்ணிலதான் எல்லாம் கிடக்கு. ரோட்டில் ஒரு குழி வந்தால் சில்லைக் கீழே தள்ளி நிலத்தில் வைத்திருப்பது அந்த அமிழ்ந்த தூரந்தான். ஆறு சென்ரிமீற்றர் குழி வந்தவுடன் ஸ்பிரிங்கிடம் தள்ளுவதற்கு ஒண்டும் மிச்சமில்லை. தகரம் மாதிரி அலை அலையாக் கிடக்கிற கிறவலில சில்லு நிலத்தைத் தொடாமலே பாதித் தூரம் போகும். தொடாத சில்லுக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்ரியறிங்கும் இல்லை. போதாக்குறைக்குப் பழைய ஷொக் அப்சோபரையே விட்டிருந்தம். மெல்லிய ஸ்பிரிங்குக்குச் செய்த ஷொக்கால இறுக்கமான ஸ்பிரிங் திருப்பி உதைக்கிறதை அடக்க ஏலாது.

40 நியூட்டன் தகடு என்றால் வெறுமையில் 86, நிறைபாரத்தில் 143 மில்லிமீற்றர் அமிழும். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் 57 மில்லிமீற்றர் கூடுதலாகப் பதியும். பார்க்கக் கொஞ்சம் குந்தின மாதிரித் தெரியும். குந்தட்டும்.

முன்பக்கக் கதை வேறு. அங்கே பம்பரும் வின்ச்சும் கழற்றாத பாரம், அதனால் கொஞ்சம் விறைப்பான சுருள் ஸ்பிரிங் நியாயம். பம்பரும் வின்ச்சும் சேர்த்து 100 கிலோ எண்டால், அது முன் அச்சுக்கு 80 சென்ரிமீற்றர் முன்னால் தொங்குது. அச்சுகளுக்கு இடையில் ஏறத்தாழ 3.1 மீற்றர். ஊஞ்சல் பலகைக் கணக்குத்தான்: முன் அச்சில் 126 கிலோ கூடும், பின் அச்சில் 26 கிலோ குறையும். வின்ச் பூட்டினவுடன் பின்பக்கம் இன்னும் இலேசாகிவிட்டது; நாங்கள் அங்கேயே கொண்டுபோய் இறுக்கினதைப் போட்டம்.

சுருளில் இன்னொரு ஏமாற்று இருக்கு. கம்பி 14 மில்லிமீற்றரில் இருந்து 15 ஆனால், மற்றதெல்லாம் ஒண்டாக இருந்தாலும், விறைப்பு மூன்றிலொரு பங்கு கூடும். கண்ணால பார்த்து "கொஞ்சம் மொத்தம்" எண்டு எடுக்கிற சாமான் இல்லை இது. உயரம் வேணுமெண்டால் அதே விறைப்பில் நீளமான சுருள் வாங்கலாம். உயரத்தையும் இறுக்கத்தையும் ஒண்டாக்கிச் சொல்லுற கடைக்காரர் ரெண்டையும் ஒரே விலையில விற்கிறார்.

நாளாந்தம் தண்ணீர்த்தாங்கி ஏத்துறவை, துறையில இருந்து ஐஸும் மீனும் ஏத்துறவை இறுக்கமான தகடு போடத்தான் வேணும். அவையின்ர பாரம் நிரந்தரம். எங்கட பாரமோ வருசத்தில நாலு பயணம். மிச்ச நாளெல்லாம் அந்தக் கெப்பில போறது நண்பன்ர அம்மம்மா, முதுகு நோவுக்கு கிளினிக்குக்கு. இறுக்கின பிறகு அவ முச்சக்கரவண்டி பிடிச்சுப் போகத் தொடங்கினதை நாங்கள் ஒரு மாதமாக் கவனிக்கேல்லை. அவவும் சொல்லேல்லை. பொடியள் ஆசையாச் செய்தது எண்டு விட்டிட்டா.

இறுக்கம் எண்டால் ஆம்பிளைத்தனம், மெது எண்டால் கிழவர்மாரின்ர கார் எண்ட பேச்சு எங்கட வட்டத்திலயும் இருந்தது. அதை முதலில சொன்னதும் நாங்கள்தான்.

போன மாதம் 40 நியூட்டன் தகடும் அதுக்கேற்ற ஷொக்கும் போட்டம். கிறவலில இப்ப பின்பக்கம் ரோட்டோட போகுது. பழைய செட் மாமரத்துக்குக் கீழ கிடக்கு. தண்ணி ஏத்துற ஒரு அண்ணை விலை கேட்டிருக்கிறார். அம்மம்மா திரும்பவும் கெப்பில ஏறுறா. ஏறுற படி உயரம் எண்டுதான் இப்ப பேச்சு. அதுக்கு ஒரு கால்மிதி பூட்ட வேணும், அதின்ர பாரத்தையும் கணக்கில சேர்த்து.